நான்காவது அம்பை என்ன செய்வது? விசைப்படம் கற்பிக்க ஒரு வழி

குமுளிப் பக்கம் தமிழ்வழியில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏலக்காய் மூட்டையைச் சாய்த்துப் போட்ட பலகை வழியாக ஜீப்பில் ஏற்றுவது பழகிய காட்சி. அதனால் தனித்த பொருள் விசைப்படத்தை, அதாவது ஒரு பொருளை மட்டும் தனியே எடுத்து அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் படத்தை, நான் சாய்தளத்து மரக்கட்டையில் தொடங்குவதில்லை. 50 கிலோ மூட்டை, 30 பாகைச் சரிவில் ஒரு பலகை, மூட்டை அசையாமல் நிற்கிறது. இதுதான் கணக்கு. நியூட்டன் விதிகள் முடிந்த வகுப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஜீப், பலகை, மூட்டை என்று காட்சி முழுவதையும் வரையட்டும். பக்கத்திலேயே மூட்டைக்கு மட்டும் ஒரு புள்ளி. இந்த இரண்டாம் படத்தில் பலகை வரக் கூடாது; இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பலகையை வரைந்தால் மூட்டை பலகையை அழுத்தும் விசையும் கூடவே நுழைந்துவிடும். அது பலகையின் படத்துக்கு உரியது.

இனி முதல் படத்தில் மூட்டையின் ஓரத்தை விரலால் சுற்றி வந்து, அதைத் தொடுபவை எவை என்று சொல்லட்டும். பலகை மட்டும்தான். அது தருபவை இரண்டு: பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, பரப்பை ஒட்டி மேல்நோக்கி உராய்வு. தொடாமல் இழுப்பது பூமி. ஆக மூன்றே அம்புகள்.

ஆனால் பாதி வகுப்பு நான்கு வரைந்திருக்கும். சரிவில் கீழ்நோக்கி ஓர் அம்பு கூடுதலாக இருக்கும். அதை உடனே அழிக்காமல், "இதை யார் தருவது?" என்று கேளுங்கள்.

"சரிவு, சார்."

"சரிவு என்பது பலகைதானே? பலகை தருவதைத்தான் வரைந்துவிட்டாயே."

இங்கே அவசரப்படாதீர்கள், பாடமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. எண்களைப் போடச் சொல்லுங்கள். எடை 50 × 9.8 = 490 நியூட்டன். அதைச் சரிவை ஒட்டி ஒன்று, பலகைக்குச் செங்குத்தாக ஒன்று என்று இரண்டு பகுதிகளாக, அதாவது கூறுகளாகப் பிரிக்கட்டும். சரிவை ஒட்டிய கூறு 245, பலகைக்குச் செங்குத்தான கூறு ஏறத்தாழ 424. உராய்வு 245 மேல்நோக்கி இருப்பதால் மூட்டை நிற்கிறது. நான்காவது அம்பும் இருந்தால் 245 நியூட்டன் மிஞ்சி, நிற்கும் மூட்டை வினாடிக்கு வினாடி 4.9 மீட்டர் வேகம் கூடிச் சறுக்க வேண்டும். அந்த அம்பு எடையின் ஒரு பகுதிதான், தனி விசை அல்ல என்பது அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும். கூறுகளைத் தனியாக மூன்றாவது படத்தில், புள்ளிக்கோட்டில் வரையச் செய்யுங்கள். எடையை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, அங்கே எடை அம்பின் மேல் ஒரு குறுக்குக்கோடு போட்டுவிட வேண்டும்.

உராய்வுக் குணகம் (பலகை தரக்கூடிய அதிகபட்ச உராய்வை அதன் செங்குத்து விசையால் வகுத்த எண்) ஏறத்தாழ 0.58க்குக் குறைந்தால் மூட்டை இந்தச் சரிவில் நிற்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். கயிறு கட்டி மேலே இழுத்து மூட்டை நகரத் தொடங்கினால் உராய்வு கீழ்நோக்கித் திரும்பும். கயிற்றின் இழுவிசைக்கு ஓர் அம்பு கூடும்.

கட்டமிட்ட தாள், பென்சில், பாகைமானி போதும். கைபேசிச் செயலிகளை முதல் வாரம் நான் அனுமதிப்பதில்லை. அம்பை அவையே வரைந்து கொடுத்துவிட்டால் பிள்ளை யோசிக்க இடமில்லை. கரும்பலகையில் எடைக்குச் சிவப்பு, தொடுவிசைகளுக்கு நீலம் என்று இரண்டு சாக்பீஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இந்த முறையில் பாடம் நடத்திய ஆசிரியை ஒருவர், லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் ஜீப்புக்கு எல்லாரும் 'என்ஜின் விசை' என்று அம்பு போடுவதாகச் சொன்னார். அதே கேள்விதான்: யார் தருவது? என்ஜின் ஜீப்புக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து ஜீப்பைத் தொடுவது, காற்றை விட்டால், சாலை மட்டுமே. சக்கரம் சாலையைப் பின்னுக்குத் தள்ள, சாலை உராய்வால் ஜீப்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. எஸ்டேட் மண்பாதையில் மழைச் சேற்றில் என்ஜின் உறுமியும் ஜீப் நகராமல் சக்கரம் மட்டும் சுற்றுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த நேரத்தில் எந்த அம்பு குட்டையாகிவிட்டது என்று கேளுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கும் ஜீப்பை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.