“அந்த ஜீன் எனக்கு இருக்கா?” எச்பிபி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எனக்கு அரிவாள் செல் ஜீன் இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் கோணல். எச்பிபி என்பது ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் புரதத்துக்கான மரபணு (ஜீன்). அது எல்லோருக்கும் உண்டு. 11ஆம் குரோமோசோமில் அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. அவற்றில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் அரிவாள் செல் நோயில் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது: ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது. பீட்டா குளோபின் புரதத்தில் குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பிரதியிலும் இந்தப் பிழை என்றால் நோய். ஒரு பிரதியில் மட்டும் என்றால் அவர் கடத்துபவர். பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கரைதிறன் சோதனை பாசிடிவ் என்றதும் நோயாளி என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தச் சோதனை கடத்துபவரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி போன்ற சோதனை வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாற்றம் ஒரு புத்தகத்தில் 6ஆம் இடம், இன்னொன்றில் 7ஆம் இடம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றேதான். முதலில் வந்து பிறகு வெட்டப்படும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து எண்ணினால் 7.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ரத்தசோகை என்றதுமே விழுங்கும் இரும்பு மாத்திரைதான். இப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வோம்: ஹீமோகுளோபின் 10.8, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு 56 லட்சம். அணுக்கள் சிறியவை, சரி. ஆனால் எண்ணிக்கை குறையவில்லையே! இரும்புக் குறைபாட்டில் வழக்கமாக அதுவும் இறங்கும். 56 லட்சம் என்பது 5.6 மில்லியன்; 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11 சொச்சம். 13க்குக் கீழே வந்தால் பீட்டா தலசீமியா மைனரா (எச்பிபியின் ஒரு பிரதியில் பீட்டா குளோபினைக் குறைக்கும் பிழை) என்று சந்தேகப்பட வேண்டும். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்க்க வேண்டும், எச்பிஏ2 (ஹீமோகுளோபினில் சிறு அளவில் இருக்கும் ஒரு வகை) பார்க்க வேண்டும். எச்பிஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் விஷயம் ஏறக்குறையத் தெளிவு. இரும்புக் குறைபாடும் கூடவே இருந்தால் இந்த எண் கீழே இறங்கி ஏமாற்றலாம் என்பதால்தான் ஃபெரிட்டினும் வேண்டும் என்கிறேன். இதையெல்லாம் பார்க்காமல் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவதால் மலச்சிக்கல்தான் மிச்சம்.

பிறந்த குழந்தைக்கு எச்பிஏ2 இயல்பாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தவறு. சிசுவின் ரத்தத்தில் பீட்டாவுக்குப் பதிலாக காமா குளோபின் என்ற புரதம்தான் ஆட்சி. பீட்டா மெல்ல மெல்லத்தான் அந்த இடத்துக்கு வரும். அரிவாள் செல் நோயின் தொல்லைகள் ஆறு மாதத்தை ஒட்டித் தலைகாட்டுவதும் அதனால்தான்.

‘அது ஆப்பிரிக்கர்களின் நோய்’ என்பது பழைய பேச்சு. 1952லேயே ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல்லைக் கண்டு எழுதிவிட்டார்கள். மலேரியா அதிகம் இருந்த இடங்களில் ஒற்றைப் பிரதி பிழை பாதுகாப்பு தந்தது, அதனால் நிலைத்துவிட்டது.

கடைசியாகக் கணக்கு. அப்பா, அம்மா இருவரும் கடத்துபவர்கள் என்றால் பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு 25 சதவீதம். ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது’ என்று எண்ணுகிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25தான். கர்ப்பத்தின் 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அதற்கு முன்பே அப்பா, அம்மா இருவருக்கும் எந்தப் பிழை என்பது கையில் இருக்க வேண்டும். அதைத் தேடவே சில வாரங்கள் போய்விடும்.