காரின் 12 வோல்ட் சாக்கெட் வேலை செய்யாதபோது

ஐப்பசி மழையில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் வழியில் காரின் சார்ஜர் சாக்கெட் செயலிழந்தால், முதலில் சாவியை அணைத்துவிட்டு, அதன் குழிக்குள் நாணயம் விழுந்து நடு முனையையும் பக்கச் சுவரையும் இணைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில்லறை வைக்கும் இடத்தை அதன் அருகிலேயே அமைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும். நாணயம் இருந்தால் எடுத்துவிடுங்கள்; அது ஷார்ட் ஆக்கி ஃபியூஸை எரித்திருக்கலாம். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் மட்டும் மாற்றுங்கள். 15 ஆம்பியருக்குரிய இடத்தில் 30 போட்டால், ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியக்கூடும். புதியதும் உடனே எரிந்தால் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பி, மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) சிவப்பு முனையை நடு முனையிலும் கறுப்பு முனையைப் பக்கச் சுவரிலும் வைத்து அளவிடுங்கள். கறுப்பு முனையைப் பாடியின் வெற்று உலோகத்தில் வைக்கும்போது மட்டும் 12 வோல்ட் காட்டினால், பழுது எர்த் இணைப்பில், அதாவது சாக்கெட்டின் பக்கச் சுவரைக் காரின் பாடியுடன் இணைக்கும் வயரில் உள்ளது. கடலோர உப்புக்காற்றில் அந்த இணைப்பு எளிதில் துருப்பிடிக்கும்.