இத்தாலியில் வாடகைக் கார் எடுக்கிறீர்களா?
முதலில் கியர் வண்டியாகத் தேடுங்கள், அங்கே ஆட்டோமேட்டிக் குறைவு, வாடகையும் அதிகம். விமான நிலையக் கவுன்டரில் எடுத்தால் தனிக் கட்டணம் சேரும் என்பதால் ஊருக்குள் இருக்கும் கிளையின் விலையையும் பார்த்துவிடுங்கள். டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். இந்திய உரிமம் என்றால் ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச பெர்மிட்டும் வேண்டும், அது 1 வருடம் செல்லும்.

அப்புறம், சாவியை வாங்கியதுமே கீறல்களையும் பெட்ரோல் முள்ளையும் வீடியோ எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு, பம்பருக்கு அடியில் யாரோ போட்டிருந்த கீறலுக்குத் தண்டம் கட்டினேன். ரோம், ஃப்ளோரன்ஸ் பழைய நகரப் பகுதிகளில் சிவப்பு வளையத்துடன் 'சோனா டிராஃபிகோ லிமிடாடோ' (வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) என்ற பலகை தெரிந்தால் உள்ளே நுழையாதீர்கள், கேமரா பிடித்துவிடும், அபராதம் சில மாதம் கழித்துக்கூட வீடு தேடி வரும்.