பழைய லைட்டரின் வயதை அடிப்பாகத்தில் படிப்பது எப்படி?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, தர்மபுரி பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலோ அழுக்கேறிய லைட்டர் ஒன்று சிக்கினால், உடனே சுண்டிப் பார்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். பிராசோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். வயதைச் சொல்லும் குறி அடிப்பாகத்தில் மெல்லிசாகத்தான் பதிந்திருக்கும். பாலிஷ் முதலில் அதைத்தான் தின்னும்.

1. அடியைச் சுத்தம் செய்தல்

பல்குத்தும் குச்சியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு, எழுத்துப் பள்ளங்களில் மட்டும் ஓட்டுங்கள். ஊசி கூடாது, கீறிவிடும். காய்ந்ததும் கொஞ்சம் திருநீற்றைத் தடவி, மேற்பரப்பை விரலால் லேசாகத் துடைத்தால் பள்ளம் வெள்ளையாகத் தெரியும். பார்ப்பதற்கு, நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ்தான் என் தேர்வு. செல்போன் கேமராவில் பளபளப்பு கண்ணைக் கூசும், புள்ளிகள் காணாமல் போகும்.

2. ஜிப்போவின் ஆண்டைக் கணக்கிடுதல்

ஜிப்போ (Zippo) என்பது மூடி போட்ட அமெரிக்க லைட்டர். அதன் அடியில் உள்ள 2032695, 2517191 என்ற எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். இவை 1936-லும் 1950-லும் கிடைத்த காப்புரிமைகளின் எண்கள். லைட்டர் அதற்கு முந்தியதல்ல என்பதற்கு மேல் இவை எதுவும் சொல்லாது.

ஆண்டு, பெயருக்கு இருபுறமும் உள்ள குறிகளில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ணிக் கழியுங்கள்:

புள்ளி என்றால் 1966-லிருந்து.
நேர்கோடு என்றால் 1974-லிருந்து.
/ போலச் சாய்ந்தால் 1982-லிருந்து.
\ போலச் சாய்ந்தால் 1990-லிருந்து.

இடப்பக்கம் 3 நேர்கோடு, வலப்பக்கம் 2 என்றால் மொத்தம் 5; அது 1969. எட்டில் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் குறையும், தீர்ந்ததும் குறி மாறும். கடைசி வகை மட்டும் 1986 நடுவில் 4 கோட்டோடு நின்றுவிட்டது. அதன்பின் 2000 வரை ரோமன் எண்; அதோடு 1984-ஐக் கூட்டுங்கள். கூடவே உள்ள ஏ முதல் எல் வரையான எழுத்து மாதம். 2001 முதல் சாதாரண எண்கள்தான்.

பலரும் வழுக்கும் இடம் சாய்கோடு. லைட்டரைத் தலைகீழாகப் பிடித்தாலும் / அப்படியே இருக்கும், பயமில்லை. ஆனால் விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் முன்கேமராவில் எடுத்ததாக இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகிவிடும்: 1974 என்பது 1982 ஆகும். பெயர் நேராகப் படிக்க வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

உருவி எடுக்க வரும் உள்கூட்டின் ஆண்டு வேறாக இருந்தால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பழுதுக்கு அனுப்பியபோது தொழிற்சாலையே உள்கூட்டை மாற்றிக் கொடுத்திருக்கலாம். வெளிக்கூட்டின் ஆண்டையே எடுங்கள். பெயரில் ஆங்கில ஐ (i) எழுத்தின் தலையில் சுடர் வரைந்திருந்து, குறி புள்ளியாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சுடர் வந்தது 1980 வாக்கில்.

3. சிக்கிய கல்லை எடுத்தல்

லைட்டர் கல் இரும்பும் சீரியமும் கலந்தது. ஈரம் பட்டால் ஊதிச் சாம்பல் பொடியாகிக் குழாயில் இறுகிவிடும். உள்கூட்டை உருவி ஒரு நாள் காற்றில் வையுங்கள், பஞ்சில் எரிபொருள் மிச்சம் இருக்கக் கூடாது. அடியிலுள்ள திருகைக் கழற்றினால் ஸ்பிரிங் கூடவே வரும். குழாயில் இரண்டு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு 2 மி.மீ. ட்ரில் பிட்டை விரலால் மட்டும் திருகுங்கள். மோட்டாரில் மாட்டினால் அந்தப் பொடியே பொறி பறக்கும்.

பின்சேர்க்கை: இம்கோ (IMCO) என்ற வேறு நிறுவன லைட்டரில் திருகைக் காணோம் என்று கேட்கிறார்கள். ட்ரிப்ளெக்ஸ் மாதிரியில் திருகு தேட வேண்டாம். பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு ஒரு நெம்புகோல் கல்லை அழுத்தும், அதை விலக்கினால் போதும். எண்ணெய்த் தொட்டி கீழே உருவி வரும், மெழுகுவத்தி மாதிரி தனியாகவும் பிடிக்கலாம். விற்பவர் அதை உடைந்தது என்று சொன்னால் திருத்தாமல் விலை பேசுங்கள்.