பதினாறு பேருக்கான பீங்கான் செற்: ஸ்காபரோவுக்குப் புதிதாக வருபவர்கள் கடைக்குப் போகுமுன்

கனடாவுக்கு வந்த மூன்றாவது கிழமை, ஒரு மோலில் 16 பேர் இருந்து சாப்பிடக்கூடிய பீங்கான் செற் ஒன்று வாங்கினேன். அப்போது நான் இருந்தது ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறையில். கூட இன்னொருவர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மேசை, அதிலும் ஒரு கால் ஆடும். ஆனால் பெட்டியின் மேல் 70 வீதக் கழிவு என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அறையில் வைக்க இடமில்லை. கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

புதிதாக வருபவர்களிடம் எல்லோரும் சொல்வது, சிக்கனமாக இருங்கள் என்பதுதான். அதை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் சனத்துக்குச் சிக்கனம் புதிதாகப் படிப்பிக்க வேண்டிய பாடமில்லை. ஊருக்குக் காசு அனுப்ப வேண்டும், பயணத்துக்குப் பட்ட கடன் கொடுக்க வேண்டும், சீட்டுக் கட்ட வேண்டும் என்று எல்லாம் தெரிந்தவர்தான் பீங்கான் செற் வாங்குகிறார். நான் கண்டவரை காரணம் வேறு. வெளியே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, குளிர்கிறது, தெரிந்த முகம் ஒன்றுமில்லை. மோல் மட்டும் வெளிச்சமாகவும் சூடாகவும் இருக்கிறது. காசு கொடுக்காமல் போய் நிற்கக்கூடிய இடம் என்று நினைத்துத்தான் உள்ளே போகிறோம். அப்புறம், நான்கு சாமான் இருந்தால்தான் இது என் வீடு என்று ஒரு எண்ணம் வருகிறது. முதல் ஆறு மாதத்தில் செலவழிக்கப்படும் டொலர்களில் பாதி இந்த எண்ணத்துக்குத்தான் போகிறது. கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.

ஊரிலேயே தொடங்கும் செலவு

பிளைட் ஏறுமுன் வாங்கிக் குவிப்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இங்கே மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அம்மா ஆசையாக வாங்கித் தந்த மிக்ஸியையும் கிரைண்டரையும் இங்கே செருகினால் ஒழுங்காக ஓடாது. அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்போர்மர் வாங்குவதைவிட, இந்த வோல்ற்றுக்கே செய்த கிரைண்டரைத் தமிழ்க் கடையில் வாங்குவது புத்தி. பிரஷர் குக்கர் கொண்டு வரலாம், அதற்கு அடுப்பு மட்டும் போதும்.

குளிர் ஜக்கெட்டை ஊரில் வாங்காதீர்கள். கொழும்பில் தடிப்பாகத் தெரிகிற ஜக்கெட், இங்கே நவம்பர் தொடக்கம் வரைதான் தாங்கும். பெப்ரவரியில் ரொறன்ரோவில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை போகிற நாட்களும் உண்டு.

கைக்குழந்தையோடு வருபவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். சில்லு வைத்த நடைவண்டி, அதாவது பிள்ளையை உள்ளே இருத்தி உருளவிடுகிற பேபி வோக்கர், கனடாவில் 2004 ஏப்ரலில் இருந்து தடை. விற்கவும் கூடாது, வெளிநாட்டில் இருந்து கொண்டு வரவும் கூடாது, பாவித்ததைக் கைமாற்றவும் கூடாது. மாடிப்படியில் உருண்டு விழுந்த பிள்ளைகள் அவ்வளவு பேர். மற்றது காரில் பிள்ளையை இருத்தும் சீற். கனடாவின் தேசியப் பாதுகாப்பு முத்திரை ஒட்டாத சீற்றை இங்கே பாவிக்க முடியாது. டுபாய் விமான நிலையத்தில் மலிவாகக் கிடைத்தாலும் அது வீண் காசு.

முதல் மாதம்

கட்டாயம் வேண்டியவை உண்மையில் மிகக் குறைவு. ஒரு மெத்தை, இரண்டு சட்டி, நனையாத பூட்ஸ், காற்றுப் புகாத ஜக்கெட், கையுறை, தொப்பி. பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இங்கே பனி உருக வீதியில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சாதாரணச் சப்பாத்தை ஒரே குளிர்காலத்தில் தின்றுவிடும். ஜக்கெட் விஷயம் வேறு. ஒக்ரோபரில் முழு விலைக்குத் தொங்கும் அதே ஜக்கெட் பெப்ரவரி முடிவிலும் மார்ச்சிலும் மலிவு விற்பனைக்கு வரும். முதல் வருடம் ஒன்றோடு சமாளித்து, உள்ளே இரண்டு மூன்று அடுக்குப் போட்டுக்கொண்டு, இரண்டாவதை அப்போது வாங்குங்கள்.

மிச்சம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பொருளின் பெயர், பக்கத்தில் திகதி. ஒரு மாதம் கழித்து அதைத் திறந்து பாருங்கள். என்னுடைய பழைய கொப்பியில் ரீவி, சோபா, காற்றை ஈரமாக்கும் இயந்திரம், புத்தக அலுமாரி என்று பதினொன்று இருந்தது. கடைசியில் வாங்கியது அந்த இயந்திரம் மட்டும்தான். ஜனவரியில் ஹீற்றர் காற்றில் மூக்கில் இரத்தம் வந்ததால் வாங்கினேன். சோபாவை ஏன் எழுதினேன் என்று அப்போதே மறந்துவிட்டது.

விலைச்சீட்டில் இருப்பது விலை இல்லை

ஊரில் விலை என்றால் விலை. இங்கே தட்டில் எழுதியிருப்பதற்கு மேலே, ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 13 வீத வரி கவுண்டரில்தான் ஏறும். 499 டொலர் சோபா வெளியே வரும்போது 563 டொலர் 87 சதம். அரிசி, மா, பால், முட்டை, மரக்கறி போன்ற அடிப்படைச் சாப்பாட்டுக்கு வரி இல்லை. பிள்ளைகளின் உடுப்புக்கும் டயப்பருக்கும் புத்தகத்துக்கும் 5 வீதம்தான். சிப்ஸ், சோடா மாதிரியானவற்றுக்கு முழு வரி. பில்லை ஒருமுறை ஆறுதலாக இருந்து வாசித்துப் பாருங்கள், அரசாங்கம் எதை அவசியம் என்று நினைக்கிறது என்பதும் விளங்கும்.

இன்னொரு கண்கட்டு: இறைச்சி, பழம், மரக்கறியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஒரு இறாத்தலின், அதாவது அரைக் கிலோவிலும் குறைந்த அளவின், விலை. கிலோ விலை கீழே பொடி எழுத்தில் இருக்கும். கிலோ என்று நினைத்து மலிவு என்று அள்ளியவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

வந்த புதிதில் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்போம். ஒரு கட்டு வல்லாரையின் விலையில் மயக்கம் வரும். சில மாதம் கழித்துச் சம்பளம் கைக்கு வந்ததும் பெருக்குவதை நிறுத்திவிடுவோம், ஆபத்து அதற்குப் பிறகுதான். ரூபாய்க்குப் பதிலாக மணித்தியாலத்தில் கணக்குப் பார்க்கலாம். 2025 ஒக்ரோபரில் இருந்து ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். அந்த சோபா 32 மணித்தியாலம். பிடித்தங்கள் போனபின் பார்த்தால் இன்னும் கூட. ஃபக்டரியில் நான்கு நாள் நின்று உழைத்த கால்வலியை நினைத்துக்கொண்டு அந்த சோபாவில் ஒருமுறை இருந்து பாருங்கள். அப்போதும் வேண்டும் என்று பட்டால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

மலிவு நாட்கள்

கனடாவின் நன்றி நவிலல் நாள் ஒக்ரோபரின் இரண்டாவது திங்கள். அமெரிக்காவுக்கு அது நவம்பரின் நான்காவது வியாழன். அதற்கு மறுநாள்தான் பிளாக் ஃபிரைடே என்கிற பெரிய மலிவு விற்பனை நாள். தங்கள் பண்டிகை முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, பக்கத்து நாட்டுப் பண்டிகையின் மறுநாளுக்காக இங்கே சனம் வரிசையில் நிற்கிறது! எல்லை தாண்டி பஃபலோவுக்குச் சாமான் வாங்க ஓடியவர்களைப் பிடித்து நிறுத்த இங்குள்ள கடைகளும் அதைத் தொடங்கின. நத்தாருக்கு மறுநாள் பொக்சிங் டே என்று இன்னொன்று. இந்த நாட்களில் மலிவு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கொப்பியில் ஏற்கனவே எழுதிய சாமான் என்றால் காத்திருந்து வாங்குங்கள். கடைக்குள் போன பிறகுதான் தேவை என்று தோன்றுகிறதென்றால், அதற்குப் பெயர் கழிவு இல்லை.

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்தானே என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலான கடைகள் எடுக்கும், உண்மை. ஆனால் மனம் மாறியதற்காகத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் சட்டம் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். ஃபைனல் சேல், அதாவது கடைசி விற்பனை என்று எழுதியிருந்தால் போனது போனதுதான். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், திருப்பும் கடைசித் திகதியையும் அதிலேயே வட்டமிட்டு வையுங்கள்.

கார்ட்

வங்கியில் கணக்குத் திறக்கும்போதே கிரெடிட் கார்ட் ஒன்றும் தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வாடகை வீடு எடுக்கவும் பின்னாளில் வீட்டுக் கடனுக்கும் உங்கள் கடன் வரலாற்றைத்தான், அதாவது எடுத்த கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த வரலாறு கட்டியெழுப்ப நிறையச் செலவழிக்க வேண்டும் என்று சிலர் சொல்வது சுத்தப் பிழை. மாதம் ஒருமுறை அரிசியும் பருப்பும் வாங்கி, பில் வந்ததும் முழுவதையும் கட்டினாலே போதும். கார்ட்டில் கொடுத்த கடன் வரம்பில் 30 வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும், பார்க்க இனிப்பாக இருக்கும். அதை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வருடம் 20 வீதத்தை ஒட்டிய வட்டி ஏறும். கடைக் கவுண்டரில், எங்கள் கார்ட்டுக்கு விண்ணப்பித்தால் இன்றைக்கே 15 வீதம் குறைப்போம் என்று பிள்ளைகள் சிரித்தபடி கேட்பார்கள். அவர்களுக்கு மேலிடத்தில் இருந்து நெருக்குதல். சிரித்தபடியே வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கோபிப்பதில்லை.

கதவு தட்டுகிறவர்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நல்ல யாழ்ப்பாணத் தமிழில், "அண்ணை, உங்கட தண்ணி சோதிச்சுப் பாக்கவோ?" என்று கேட்டபடி ஒருவர் வந்தார். தமிழ் கேட்ட சந்தோசத்தில் தேநீரும் கொடுத்தேன். போத்தலில் ஏதோ துளி விட்டார், தண்ணீர் மஞ்சளாகியது. மாதாமாதம் கட்டும் வடிகட்டிக்கு ஒப்பந்தத்தை நீட்டினார். வீட்டுக்காரர் இறங்கி வந்ததால் தப்பினேன், வாடகைக்கு இருப்பவன் எதற்கு வடிகட்டி பூட்ட வேண்டும்?

இது சட்டத்துக்கும் தெரிந்த விளையாட்டு. நீங்கள் கூப்பிடாமல் வந்து தண்ணீர் வடிகட்டி, சுடுநீர்த் தாங்கி, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், ஏசி போன்றவற்றுக்கு வாசலில் ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச் 1ஆம் திகதியில் இருந்து ஒன்ராறியோவில் தடை. நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்து 50 டொலருக்கு மேற்பட்ட வேறு ஒப்பந்தம் எழுதினாலும், 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஜிம்முக்குச் சேர்ந்து மனம் மாறினாலும் அதே 10 நாள். எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் சொல்லிவிட்டு நம்பியிருக்க வேண்டாம்.

பாவித்த சாமான்

ஊரில் பாவித்த சாமான் வாங்குவது சிலருக்குக் கௌரவக் குறைச்சல். இங்கே வைத்தியரும் வாங்குவார். வலியூ வில்லேஜ் மாதிரியான கடைகளில் பிள்ளைகளின் குளிர் உடுப்பு நன்றாகக் கிடைக்கும், ஒரு குளிர்காலத்தில் வளர்ந்துவிடும் பிள்ளைக்குப் புதிது எதற்கு? கிஜிஜி என்ற இணையத்தளத்திலும் பேஸ்புக் மார்க்கெற்றிலும் மேசை, கதிரை, சைக்கிள் பார்க்கலாம். மாத முடிவில் வீடு மாறுகிறவர்கள் நல்ல அலுமாரியைச் சும்மாவே கொடுப்பார்கள், தூக்கக் கூட்டாளி ஒருவர் மட்டும் வேண்டும்.

மெத்தையையும் துணி போட்ட சோபாவையும் மட்டும் தெருவில் இருந்து எடுக்காதீர்கள். ரொறன்ரோவில் மூட்டைப்பூச்சி பெரிய தலைவலி, வீட்டுக்குள் வந்துவிட்டால் மருந்தடிக்கும் செலவில் மூன்று மெத்தை வாங்கலாம். பாவித்த தொட்டிலிலும் கவனம். பக்கச் சட்டம் இறங்கி ஏறும் வகையை 2016 டிசம்பரில் இருந்து விற்கவே கூடாது.

வாங்காமலே கிடைப்பது நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகமும் உண்டு. பிந்திக் கொடுத்தால் தண்டப்பணம் என்பதையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். சூடான, வெளிச்சமான, காசு கேட்காத இடம் வேண்டுமென்று மோலுக்குப் போனேன் என்று சொன்னேனே, அப்படியான இடம் என் அறையில் இருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்கள். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் என்று கோடை முழுக்க மண்டபம் மண்டபமாக அழைப்பு வரும். ஒருமுறை உடுத்த சேலை வீடியோவில் வந்துவிட்டது, அதனால் திரும்ப உடுக்க முடியாது என்பது இங்கே பெரிய நியாயம். இதற்கு என்னிடம் வழி இல்லை. என் மனைவியும் அக்கம்பக்கத்து நான்கு அக்காமாரும் சேலைகளை மாற்றி மாற்றி உடுக்கிறார்கள், அளவு சிக்கல் பிளவுசுக்கு மட்டும்தான். என்வலப்பில் வைக்கும் காசுக்கு மட்டும் வருடத் தொடக்கத்திலேயே ஒரு தொகை ஒதுக்கிவிடுகிறோம்.

அந்தப் பீங்கான் பெட்டி என்னோடு மூன்று வீடு மாறியது, நாடா வெட்டாமலே. போன மார்கழியில் எங்கள் தெருவுக்கு வவுனியாவில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தங்கச்சி திறந்து பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு அண்ணா, நாங்கள் நாலு பேர்தானே" என்று நான்கை மட்டும் எடுத்து அடுக்கி வைத்தார். மிச்சம் பன்னிரண்டு இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?