பிளாஸ்மாவுல எம்டிஏ பாக்குறது எப்படி? முதல்ல ரத்தத்தை ஒழுங்கா எடுங்க

ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் (ஆக்ஸிஜனேற்றத்தால செல்லுக்கு வர்ற பாதிப்பு) புராஜெக்ட்னு சொன்னாலே எல்லா லேபுலயும் முதல்ல செய்ற டெஸ்ட் இதுதான். செல் சவ்வுல இருக்க கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் ஆகி உடையும்போது மேலோன்டைஆல்டிஹைட், அதாவது எம்டிஏ வரும். அதோட ஒரு மூலக்கூறு ரெண்டு டிபிஏ (தயோபார்பிட்யூரிக் ஆசிட்) மூலக்கூறோட சேர்ந்தா ரோஸ் கலர், அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுதுன்னு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ல 532 நானோமீட்டர்ல ரீடிங் எடுக்கணும், அவ்ளோதான் தத்துவம்.

எனக்கு மூணு மாசம் போனது இந்த ரியாக்‌ஷன்ல இல்ல, ரத்தம் எடுக்குறதுல. கன்ட்ரோல் சாம்பிளே நோயாளி சாம்பிளை விட அதிகமா காட்டுச்சு, ரீஏஜென்ட்டை நாலு தடவை புதுசா போட்டும் மாறல. கடைசில டியூபை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா பிளாஸ்மா லேசா சிவப்பு. சிரிஞ்சுல எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழட்டாமலே டியூபுக்குள்ள வேகமா பீச்சிருக்கோம், சிவப்பணு உடைஞ்சிருக்கு. ஹீமோகுளோபின் 541-ல ஒளியை உறிஞ்சும், அது நம்ம 532-க்குப் பக்கத்துலயே இருக்கு, போதாததுக்கு அதுல இருக்க இரும்பு கொதிக்குற டியூபுக்குள்ளயே புதுசா எம்டிஏவை உண்டாக்கும். அதனால 414-ல ஒரு ரீடிங் பாத்துக்கோங்க, உங்க நல்ல சாம்பிளை விட அங்க தூக்கலா இருந்தா மனசே இல்லாட்டியும் தூக்கிப் போட்டுடுங்க.

1. ஊதா மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாம தடுக்குற மருந்து) டியூப் எடுங்க. அதே வேலையைச் செய்ற ஹெபாரினும் ஓடும், ஆனா ஈடிடிஏ இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், என் ஓட்டு அதுக்குத்தான். டியூபை மெதுவா எட்டு பத்து தடவை கவுத்து நிமித்துங்க, குலுக்காதீங்க.

2. அரை மணி நேரத்துக்குள்ள 4 டிகிரில சென்ட்ரிஃபியூஜ்ல 1500 ஜி, 10 நிமிஷம் சுத்துங்க. பிளாஸ்மாவை மேலாப்புல மட்டும் எடுங்க, நடுவுல இருக்க வெள்ளை லேயரைத் தொடக்கூடாது. அன்னைக்கே டெஸ்ட் பண்ணலன்னா சின்னச் சின்னதா பிரிச்சு மைனஸ் 80-ல போடுங்க, ஒரு தடவை உருக்குனதைத் திரும்ப உறைய வைக்காதீங்க.

3. ரீஏஜென்ட்: 15% டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக் ஆசிட்), 0.375% டிபிஏ, 0.25 நார்மல் எச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்), எல்லாம் ஒண்ணா. டிபிஏ லேசுல கரையாது, கொஞ்சம் சூடு காட்டணும். எத்தனால்ல கரைச்ச பிஎச்டி (BHT, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்குற பொருள்) 0.01% வர்ற மாதிரி சேருங்க, இல்லன்னா சூடு பண்ணும்போதே கொழுப்பு மேல மேல ஆக்ஸிஜனேற்றம் ஆகும்.

4. 1 மிலி பிளாஸ்மாவுக்கு 2 மிலி ரீஏஜென்ட், கொதிக்குற தண்ணில 15 நிமிஷம். பிளாஸ்டிக் டியூப் மூடி தெறிக்கும், கண்ணாடி டியூப் வச்சு மேல கோலிக்குண்டு போடுறதுதான் நல்லது. ஆற வச்சு, 1000 ஜில 10 நிமிஷம் சுத்தி, தெளிஞ்சதை மட்டும் ரீடிங் எடுங்க.

5. கணக்கு: ரீடிங்கை 1,56,000-ஆல வகுத்து, 1 மிலி பிளாஸ்மா மொத்தம் 3 மிலி ஆனதால மூணால பெருக்குங்க, வர்றது லிட்டருக்கு எத்தனை மோல்னு. 0.078 வந்தா லிட்டருக்கு 1.5 மைக்ரோமோல். பிளாங்க் (ஒப்பிட்டுப் பாக்குற வெறும் டியூப்) ரெண்டு வைக்கணும், பிளாஸ்மா இல்லாதது ஒண்ணு, டிபிஏ இல்லாம பிளாஸ்மா மட்டும் போட்டது ஒண்ணு.

அப்டேட்: சீரத்துல (ரத்தத்தை உறைய விட்டுப் பிரிக்குற தெளிநீர்) பண்ணலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேண்டாம். ரத்தம் உறையும்போது தட்டணு த்ராம்பாக்ஸேன்ங்குற பொருளை உண்டாக்கும், கூடவே எம்டிஏவும் வரும், நீங்க அளக்குறது நோயாளி உடம்புல நடந்ததையா டியூபுல நடந்ததையான்னே தெரியாமப் போயிடும்.

இன்னொரு அப்டேட்: மஞ்சக்காமாலை சாம்பிள்ல தாறுமாறா வருதுன்னு ஒருத்தர் எழுதிருந்தாங்க. பிலிருபினும் சர்க்கரையும் டிபிஏவோட சேர்ந்து குழப்பும், அந்த மாதிரி சாம்பிளுக்கு எச்பிஎல்சில (கலவையைத் தனித்தனியா பிரிக்குற மெஷின்) பிரிச்சுப் பாக்குறதுதான் வழி. மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட நிறையை வச்சு அடையாளம் காட்டுற மெஷின்) வசதி இருந்தா எஃப்2 ஐசோப்ரோஸ்டேன் பாருங்க, அதுவும் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் ஆகும்போது வர்றதுதான், 1990-ல மாரோவும் ராபர்ட்ஸும் வேண்டர்பில்ட்ல கண்டுபிடிச்சது, எம்டிஏவை விட எவ்வளவோ நம்பகமானது. எது பாத்தாலும் ரத்தத்துல ஏறுனது கல்லீரல்ல இருந்து வந்ததா தசைல இருந்து வந்ததான்னு அந்த நம்பர் சொல்லாது, எலி வேலைன்னா அந்தத் திசுவையும் அரைச்சு இதே டெஸ்ட்டைப் போட்டுப் பக்கத்துல வச்சுப் பாருங்க.