மதுரை – சிங்கப்பூர்: நாலேகால் மணி நேரமா, ஆறே முக்காலா?

டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லாரும் விரல் விட்டு எண்ணுவார்கள். மதுரையில் இரவு 11.15க்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 6 மணி என்று போட்டிருந்தால், ஆறே முக்கால் மணி நேரம் என்று கணக்கு வரும். "அம்புட்டு நேரமும் காலை மடக்கியே உட்காரணுமா?" என்று என் அப்பத்தா கவலைப்பட்டது. அவ்வளவு இல்லை. தூரம் சுமார் 3,000 கி.மீ.; நேரடி விமானம் என்றால் நாலு, நாலேகால் மணி நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதுதான் குழப்பம். ஊருக்குத் திரும்பும்போது மாலை 7க்கு ஏறினால் 8.45க்கே மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடியில் இறங்கிவிடலாம்.

நேரடி விமானம் நினைத்த நாளில் கிடைக்காது. அப்போது திருச்சி போய் ஏறுங்கள். சாலை வழி இரண்டரை மணி நேரம்தான். கொழும்பு வழியாகவும் போகலாம். டிக்கெட் விலை குறைவு என்று கொழும்பில் ராத்திரி முழுக்கக் காத்துக்கிடப்பதை முதல் பயணத்தில் நான் சொல்ல மாட்டேன்.

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். வழியனுப்ப ஒரு வேன் ஆள் வரும். அவர்கள் வசதிக்குக் கிளம்பாமல், விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே போய்விடுங்கள். வேலைக்கு வருபவர்கள் ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) தாளை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய் இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெட்டியை நீங்களே கட்டுங்கள். என் முதல் பயணத்தில் அம்மா ஆசையாகக் கறி மசாலாவும் கசகசாப் பொட்டலமும் வைத்திருந்தார். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள்! முந்தைய நாள் ராத்திரி அண்ணன் பார்த்து எடுத்தான். உப்புக்கண்டம், மெல்லும் புகையிலை, சூயிங்கம் எதுவும் வேண்டாம். சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் என்றாலும் வரி உண்டு.

இறங்கும்போது மணி ஆறு என்றாலும் இருட்டாகத்தான் இருக்கும். அங்கே விடிவதே ஏழு மணி சுமாருக்கு. உங்கள் உடம்புக்கு அப்போது மூன்றரைதான். அன்றைக்கே வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கி விமான நிலைய ஸ்டேஷனில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் டவுன்டவுன் லைனுக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. அந்த இடத்தைத் தேக்கா என்று கேட்டாலும் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

அப்புறம், போன். போய்ச் சேர்ந்த தகவலை மெசேஜில் போடுங்கள். மறுநாள் முதல் காலை ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிடாதீர்கள், மதுரையில் அப்போது நாலரை. அந்த நேரத்தில் போன் அடித்தால் என்னவோ ஏதோ என்று வீடே எழுந்து உட்காரும். ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே ஆறரை, அம்மா விளக்கேற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்.